பின்வரிசையில் ஓடிய கார்

எங்கள் வீட்டுப் புகைப்படத் தொகுப்பிலே, சின்னம்மாவின் திருமணப் படங்களுக்கும் அக்காவின் ஏடு தொடக்கற் படத்துக்கும் இடையில், ஆள்கள் எவருமற்ற படமொன்று உண்டு. அதில் இருப்பது ஒரு கார் மாத்திரமே. வெள்ளையும் நீலமுமாய், நீண்ட கூரையோடு, பின்புறம் ஒரு பெட்டியை ஒட்டவைத்தாற் போலத் தோன்றும் கார். கதவில் இலக்கம் எழுதியிருக்கிறது. சில்லுகள் மங்கலாக விழுந்திருப்பதைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஊகிக்க வேண்டும். இல்லையேல், குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் புறப்பட்ட எவரோ வழிதவறிப் பந்தயத்திடலுக்குள் நுழைந்துவிட்டார் என்றே பார்ப்பவர் நினைப்பர்.

1994 இல் லண்டனிலிருந்து பெரிய மாமா அனுப்பிய படம் அது. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தில் கார் என்ற சொல்லுக்கு இருந்த பொருளே வேறு. 1990 இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்கு மாத்திரம், சிறு போத்தலில் பொத்திவைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விடுவார்களாம். பெற்றோலைத் துளிக்கணக்கில் எண்ணிய ஊருக்கு, பெற்றோல் நிரப்பு நிலையமொன்றில் இரவு வேலை செய்த ஒருவர், பெற்றோலை வட்டமாகச் சுற்றி எரிப்பதற்கென்றே பிறந்த காரொன்றின் படத்தை அனுப்பியிருக்கிறார். கடிதம் பல வாரங்கள் அலைந்தே வந்து சேர்ந்தது. அம்மம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவனெங்கை?" என்று மட்டும் கேட்டாராம்.

சென்ற ஆண்டு மாமா விடுமுறையில் வந்திருந்தபோது அப்படத்தைக் காட்டி விசாரித்தேன்.

"உது வொல்வோ. அந்த வருசந்தான் முதன்முதலா உந்தப் போட்டிக்கு வந்தவை. எல்லாரும் சிரிச்சவை."

"நீங்கள், மாமா?"

"நானுஞ் சிரிச்சனான். பிறகுதான் படமெடுத்தனான்."

சிரித்ததற்கும் படமெடுத்ததற்கும் இடையில் நடந்தது யாது என்பதை அறியும் ஆவலே என்னை இவ்விடயத்துள் இறக்கியது. இலக்கியமும் பொருளியலும் கற்கும் ஒருவனுக்கு மோட்டார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று விடுதி நண்பர்கள் கேலி செய்தனர். பந்தயத்தைவிட, பந்தயத்துக்குப் புதிதாக வருகின்ற ஒருவரை அங்கு ஏற்கெனவே இருப்போர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதிலேயே என் மனம் சென்றது என்பதை அவர்களுக்கு விளக்க என்னால் இயலவில்லை.

மாமா பார்த்த போட்டி பிரித்தானிய ரூறிங் கார் சம்பியன் பட்டப் போட்டியாகும். 1958 இல் அது சலூன் கார்ப் போட்டி என்ற பெயரிலே தொடங்கியது. இப்போதைய பெயர் 1987 இல் ஏற்பட்டது. முதலாண்டின் முடிவிலே, ஒஸ்ரின் வெஸ்ற்மின்ஸ்ரர் காரோட்டிய ஜாக் சியர்ஸும் ஜகுவார் காரோட்டிய ரொமி சொப்வித்தும் சமபுள்ளிகளோடு நின்றனர். நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம் என்ற யோசனை இருவருக்கும் பிடிக்கவில்லை. ஒரேவகையான இரண்டு றைலி கார்களைக் கொடுத்து ஓடவிட்டனர். பின்னர் கார்களை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டனர். இரண்டு செக்கனுக்கும் குறைந்த வித்தியாசத்தில் சியர்ஸ் வென்றார். காரின் குணத்தையும் ஓட்டியின் குணத்தையும் வேறுபிரித்துப் பார்க்கவேண்டும் என்ற நேர்மை அப்போட்டியின் பிறப்பிலேயே இருந்தது என்பதை எடுத்துக்காட்டவே இக்கதையைச் சொன்னேன். பின்னாளில் அந்நேர்மையைக் காப்பது எளிதாயிருக்கவில்லை.

போர்முலா வண் காரை எவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. ரூறிங் காரோ கடைக்கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் காரின் உடன்பிறப்பு. உள்ளே இருக்கை, கம்பிக்கூடு, இயந்திரத்தின் உறுப்புகள் யாவும் வேறாயினும் வெளித்தோற்றம் விற்பனைக்குரிய காரினதே. ஆதலின் இங்கே புதிய உற்பத்தியாளர் ஒருவர் வருகிறார் என்றால் விளையாட்டுக்கு ஓர் அணி கூடுகிறது என்பது மாத்திரமல்ல, சந்தைக்கு ஒரு கடை கூடுகிறது என்பதும் பொருளாகும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமுலுக்கு வந்த விதிகள் இதற்கு வாய்ப்பாக அமைந்தன. இயந்திரம் 2000 கனசென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது, ரேர்போ கூடாது, நிமிடத்துக்கு 8500 சுழற்சிக்கு மேல் ஓடலாகாது, நான்கு கதவுகள் வேண்டும், நீளம் 4.2 மீற்றருக்குக் குறையலாகாது. நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கும் கார் ஏறத்தாழ இதுவே. எனவே நடுத்தரக் குடும்பத்தினருக்குக் கார் விற்போர் அனைவரும் வந்தனர். 1994 இல் போட் முதல் வொக்ஸ்ஹோல், பி.எம்.டபிள்யூ, றெனோல்ட், ரொயோட்டா, நிஸான், பீஜோ, மஸ்டா வரையில் பழையவர்கள் நிற்க, அவ்வாண்டு புதிதாக இருவர் சேர்ந்து தொகை பத்தாயிற்று. புதியவருள் ஒருவர் இத்தாலியிலிருந்து வந்த அல்பா ரோமியோ. மற்றவர் சுவீடனிலிருந்து வந்த வொல்வோ.

இருவரும் ஒரே நாளில், ஏப்ரில் மாதத்திலே, திறக்ஸ்ரன் என்ற பழைய விமானத்தளத்தில் அமைந்த திடலிலேயே முதன்முதலாக ஓடினர். ஆயினும் இரண்டு வருகைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

அல்பா ரோமியோ விதிநூலை வரிவரியாகப் படித்துவிட்டு வந்தது. பந்தயக் காரில் இருக்கும் காற்றுத் தகடுகள், குறைந்தது 2500 எண்ணிக்கையில் விற்பனைக்குத் தயாரித்த காரிலும் இருக்கவேண்டும் என்பது விதி. அல்பா தனது 155 என்ற காரில் பந்தயத்துக்கு வேண்டியபடியே முன்னே நீளவும் பின்னே உயரவும் கூடிய தகடுகளை அமைத்து, அத்தகைய கார்களை விற்பனைக்கும் விட்டது. உயர்த்துதற்குரிய துண்டுகள் பொருத்தப்படாமல் காரோடு கூடக் கொடுக்கப்பட்டன. வாங்கியவர் விரும்பினால் பொருத்திக்கொள்ளலாம் என்பது வாதம். எந்தக் குடும்பத் தலைவர் விரும்பியிருப்பார் என்று தெரியவில்லை. ஆனால் எழுத்தின்படி பிழையில்லை. முதல் ஐந்து ஓட்டங்களும் அல்பாவுக்கே போயின. எதிரணியினர் முறையிட்டனர், ஒல்ரன் பார்க் திடலில் தகடுகளை உள்ளிழுத்துக்கொண்டே ஓடவேண்டும் என்று தீர்ப்பானபோது அல்பா அணி ஓடாமலே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. பின்னர் இணக்கம் ஏற்பட்டு மீண்டும் வந்தது. ஆண்டின் முடிவில் அதன் ஓட்டி கபிரியேலே தர்க்குவீனி சம்பியனானார். அவர் சிறந்த ஓட்டி என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வாண்டைப் பற்றிப் பேசுவோர் தர்க்குவீனியோடு அத்தகடுகளையும் சேர்த்தே பேசுகின்றனர்.

வொல்வோவின் கதைக்கு வருவோம். பந்தயத்துக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. 1985 இல் அதன் 240 ரேர்போ கார் ஐரோப்பிய ரூறிங் கார்ப் பட்டத்தையே வென்றிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டோடு விலகிக்கொண்ட அந்நிறுவனத்தைப் பற்றி மக்கள் மனத்தில் நின்றது வேறொன்று. மூன்று முனைகளில் பொருத்தப்படும் இருக்கைப் பட்டியை 1959 இல் காருக்குக் கொண்டுவந்ததும், அதனை ஏனையோரும் பயன்படுத்துவதற்கு விட்டுக்கொடுத்ததும் வொல்வோவே. அதன் பொறியியலாளர் நில்ஸ் பொலின் அமைத்த அப்பட்டியே இன்றும் நம்மைக் கட்டிவைத்திருக்கிறது. இத்தகைய நற்பெயரும் ஒருவகைச் சுமைதான். பாதுகாப்பான கார், பெட்டி போன்ற கார், வயது முதிர்ந்த விரிவுரையாளரின் கார் என்ற பெயர் பெற்றுவிட்டது. (எமது விரிவுரையாளர்கள் பொறுத்தருள்க, அவர்களுட் பலரிடம் மோட்டார்ச் சைக்கிளே உண்டு.) 850 என்ற புதிய வகையை 1991 இல் வெளியிட்டபோது இப்பெயரை மாற்றவேண்டிய தேவை எழுந்தது. அதற்குப் பந்தயமே வழியென்று கண்டனர். காரைத் தயாரித்து ஓடவைக்கும் பொறுப்பு ரொம் வோக்கின்ஷோ என்ற ஸ்கொத்லாந்துக்காரரின் அணியிடம் சென்றது. ஜகுவார் கார்களைக் கொண்டு 1988 இலும் 1990 இலும் லெ மான் இருபத்துநான்கு மணிநேர ஓட்டத்தை வென்ற அணி அது.

இவ்வளவும் எவரும் எதிர்பார்த்தவாறே நடந்தன. எதிர்பாராதது ஒன்றுதான். அவர்கள் 850 இன் சலூனை விடுத்து, எஸ்ரேற் காரைக் கொண்டுவந்தனர். எஸ்ரேற் என்றதும் நமக்குத் தேயிலைத் தோட்டமே நினைவில் வரும். சொல்லின் வேர் ஏறக்குறைய அதுதான். ஆங்கில நிலவுடைமையாளர் தம் பண்ணை வீட்டுக்குப் பொருள்களையும் நாய்களையும் ஏற்றிச்செல்ல வைத்திருந்த வண்டியின் வழிவந்த பெயர். கூரை பின்கதவு வரை நீண்டிருக்கும். தளபாடம் ஏற்றலாம், குழந்தை வண்டி ஏற்றலாம். பந்தயம் ஓடலாமா? விதிநூலில் கூடாதென்று எங்கும் எழுதப்படவில்லை. நான்கு கதவும் வேண்டிய நீளமும் இருந்தால் போதும். அல்பாவைப் போலவே வொல்வோவும் விதியின் இடைவெளிக்குள்ளேதான் நுழைந்தது என்பதை இவ்விடத்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருவர் நுழைந்தது வெல்வதற்கு. மற்றவர் நுழைந்தது, குறைந்தபட்சம் முதலாண்டில், காணப்படுவதற்கு.

கண்ணாடியும் தகடும் பின்புறத்திலே, அதுவும் உயரத்திலே, கூடுதலாக இருக்கும் காரை வேகமாக வளைத்து ஓட்டுவது எளிதன்று. இறக்கைத் தகடுகளுக்கு இடமில்லாத அன்றைய விதிகளின் கீழ் நீண்ட கூரை பெருங்குறையாக அமையவில்லை என்பது உண்மையே. ஆயினும் கார் புதிது. ஆண்டு முழுவதும் ஓடிப் பெற்ற மிகச் சிறந்த இடம் ஐந்தாவது. இரண்டு ஓட்டிகளுள் முன்னவரான சுவீடன் நாட்டு றிக்காட் றிடெல் ஓட்டிகளின் வரிசையில் 14 ஆம் இடத்தோடு ஆண்டை முடித்தார். எதிரணியினர் கேலி பேசினர். வொல்வோ அணியினர் அக்கேலியை மறுக்கவில்லை. ஓட்டத்துக்கு முந்திய அணிவகுப்புச் சுற்றொன்றிலே காரின் பின்பகுதியில் பெரிய துணிநாயொன்றை இருத்திக்கொண்டு ஓடினர். பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்தனர். அதன்பின் அக்காரை அறியாதார் எவருமில்லை.

இவ்வளவையும் விடுதி மொட்டைமாடியில் நண்பரொருவரிடம் மிகுந்த உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அரசியற் பொருளாதாரம் பயில்பவர் அவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், உன்ரை மாமாவை ஒரு விளம்பரம் பிடிச்சுது. இப்ப உன்னையும் பிடிச்சிட்டுது. நீ பிறக்க முந்தியே வைச்ச பொறி அது" என்றார்.

அவருடைய வாதம் வலியது. தோற்பவன் மீது மனிதருக்கு இயல்பாகவே இரக்கம் உண்டு. பெரிய நிறுவனமொன்று அவ்விரக்கத்தையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. வென்றால் பத்து உற்பத்தியாளருள் ஒருவராய் வென்றிருப்பர். எஸ்ரேற் காரில் தோற்றபடியால் தனியொருவராய் நினைவில் நின்றனர். சிரிப்பே அங்கு உற்பத்தியான பண்டம். துணிநாயை வைத்தது எளிமையன்று, எளிமை போன்ற ஏற்பாடு. "உன்ரை மாமாட்டைக் கேள், அந்த வருசம் ஆர் வெண்டதெண்டு" என்றும் சொன்னார். அன்றிரவே தொலைபேசியில் கேட்டேன். மாமாவுக்கு நினைவில்லை. வொல்வோவின் இரண்டு கார்களும் எந்த வளைவில் எப்படித் திரும்பின என்பது நினைவிருந்தது. சம்பியனின் பெயர் நினைவில்லை. நண்பர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது.

எனக்கு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அவ்வாதம் பல நாட்கள் உறுத்தியது. என் பரம்பரையில் எஞ்சிய ஒரு மெல்லிய உணர்வை எவரோ ஒரு கூட்ட மேசையில் திட்டமிட்டுச் செய்தனர் என்பதை ஏற்க மனம் மறுத்தது. மறுப்பு ஒரு வாதமாகாது என்பதும் தெரிந்தது.

பின்னர் ஓட்டிகளைப் பற்றிப் படித்தபோதே எனக்கென்று ஒரு பதில் அகப்பட்டது. றிடெல் 1992 இல் மக்காவோவில் நடந்த போர்முலா மூன்று பெருஞ்சுற்றை வென்றவர். மற்றவரான ஒல்லாந்து நாட்டு யான் லாமர்ஸ் 1988 இல் லெ மானில் ஜகுவாரை வெற்றிக்கு ஓட்டிவந்த மூவருள் ஒருவர். இத்தகைய இருவர் ஓராண்டு முழுவதும் பொதிகார் ஓட்டினர். வளைவுக்குள் நுழையும்போது எந்தக் கணத்தில் தடையை மிதிப்பது, ஈரத்தில் எந்த ரயரைப் போடுவது, ஏழாம் இடத்தில் இருப்பவரை முந்துவதற்கு எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்பவற்றை விளம்பரப் பிரிவு தீர்மானிக்க முடியாது. பண்டம் சிரிப்பாக இருக்கலாம். அதற்குள் சென்ற உழைப்பு சிரிப்பன்று. இரவிரவாகப் பட்டறையில் நின்றவரின் கைகளில் பட்ட கிறீஸ் முதலாம் இடத்துக்கும் பதினான்காம் இடத்துக்கும் ஒன்றே. நண்பருடைய சொற்களையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்: உழைப்பை மறைப்பது பண்டத்தின் இயல்பு என்று நீர்தானே சொன்னீர்; அப்படியாயின், பண்டத்தைப் பார்த்துவிட்டு உழைப்பே இல்லை என்று நீரும் சொல்லலாமா? அவர் சிரித்தார். ஏற்றுக்கொண்டார் என்று எழுதமாட்டேன்.

அதன்பின் நடந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1995 இல் விதிகள் மாறின. அல்பா கிளப்பிய சச்சரவின் பயனாகக் காற்றுத் தகடுகளும் பின்னிறக்கையும் எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்டன. பெட்டி போன்ற பின்புறத்தில் அவ்விறக்கையைப் பயன்படும்படி அமைக்க இயலாது. எஸ்ரேற் காரின் வாழ்வு ஓராண்டோடு முடிந்தது. தன்னோடு கூட வந்த புதியவரின் வெற்றியே அதனை வெளியேற்றியது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே உள்ளது. அல்பாவும் நிலைக்கவில்லை, மறு ஆண்டில் மிகவும் பின்தங்கி, அவ்வாண்டின் முடிவில் விலகிக்கொண்டது. வொல்வோ சலூன் காருக்கு மாறியது. றிடெல் 1995 இல் மூன்றாம் இடம், 1996 இலும் மூன்றாம் இடம், ஈற்றில் 1998 இல் எஸ் 40 என்ற காரில் சம்பியன். சிரிப்புக்கு ஆளாகிய முதலாண்டில் விலகிப் போயிருந்தால் நண்பரின் வாதமே முடிந்த முடிவாயிருக்கும். அடுத்த நான்காண்டுகளை அவ்வாதத்தால் விளக்குவது கடினம்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். புதியவர் ஒவ்வொருவரும் முன்னவரைவிட ஒருபடி கூடுதலாகச் செலவிட்டே உள்ளே வந்தனர். வந்தபின் அச்செலவே எல்லாருக்கும் குறைந்தபட்ச அளவாயிற்று. சொந்தப் பணத்தில் ஓடிய சிறிய அணிகள் முன்வரிசையைக் கனவிலும் காண இயலாதாயின. பின்னர் பெரியவர்களுக்கும் கட்டுபடியாகவில்லை. வொல்வோ 1999 உடன் போயிற்று. 1994 இல் பத்தாக இருந்த உற்பத்தியாளர் தொகை 2000 இல் போட், ஹொண்டா, வொக்ஸ்ஹோல் என்ற மூன்றாகச் சுருங்கியது. விதிகளையே தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டியதாயிற்று. புதிய உற்பத்தியாளர் வருகிறார் என்ற செய்தியைப் பந்தய அமைப்பாளர் எப்போதும் விழாவாகக் கொண்டாடுவர். அவர்கள் விற்பனைக்கென வருகின்றனர். விற்பனை போதும் என்றோ போதாது என்றோ தோன்றும் நாளில் போய்விடுவர். போகும்போது, வந்தபோதிருந்த விலையில் அப்போட்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. மழையை வரவேற்கும் வயற்காரன் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டியவனே.

எஸ்ரேற் கார் பிற்காலத்தில் மறுபடியும் தோன்றியது. 2014 இல் ஹொண்டா ஒன்றைக் கொண்டுவந்தது. 2017 இல் சுபாறு லெவோர்க் என்ற எஸ்ரேற் காரில் ஆஷ் சட்டன் சம்பியன் பட்டத்தையே வென்றார். அப்போது எவரும் சிரித்ததாகத் தெரியவில்லை. மாமாவுக்கு இச்செய்தியைச் சொன்னபோது, "வெண்டிட்டுதோ?" என்று கேட்டுவிட்டு, அதிகம் அக்கறை காட்டாமல் வேறு பேசினார்.

அவரை விளம்பரம் ஏமாற்றியதா என்பதை அவரிடமே கேட்டுவிடுவது என்று துணிந்தது, அவர் திரும்பிப் போவதற்கு முந்திய நாள். வொல்வோ கார் எப்போதாவது வாங்கினீர்களா என்று தொடங்கினேன். வாங்கவில்லை. பழைய ரொயோட்டாவே வாங்கினாராம், அதுவும் பல ஆண்டுகளின் பின்னர். "தொண்ணூற்றி நாலிலை எனக்கு லைசென்சே இல்லை. ராவெல்லாம் மற்றவையின்ரை காருக்குப் பெற்றோல் வித்துப்போட்டு, விடிய பஸ்ஸிலை வீட்டை போவன். வேலையிடத்துப் பெடியன் ஒருத்தன்தான் பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அங்கை எல்லாக் காரும் பந்தயக் கார் மாதிரி இருந்தது. உது மட்டும் வேலைக்குப் போற கார் மாதிரி இருந்தது. அதுதான்."

அப்போது அம்மா தொகுப்பைக் கொண்டுவந்தார். படத்தைப் பார்க்கவேண்டும் என்று மாமா மூலைகளை மெதுவாகக் கழற்றி வெளியே எடுத்தார். பின்புறத்தில் அம்மம்மாவின் எழுத்து இருந்தது. நாங்கள் எவரும் அதுவரை கண்டதில்லை. 'தம்பியின் கார். லண்டன்.' அயலார் அனைவருக்கும் அவர் அவ்வாறே சொல்லிக் காட்டினார் என்பதை அம்மா அப்போதுதான் சொன்னார். பெற்றோலில்லாத ஊரிலே, மகனிடம் பெரிய காரொன்று உண்டு, சாமான் ஏற்றவும் வசதியானது, என்று.

மாமா எழுத்தை இருமுறை படித்தார். யார் யாருக்குக் காட்டினார் என்று கேட்டார். அம்மா பெயர்களைச் சொன்னார். அவர்களுட் பாதிப்பேர் இப்போது இல்லை. மாமா படத்தைப் பழைய இடத்திலேயே, மூலைகள் மடங்காதபடி, திரும்பச் செருகினார்.